ராணுவத்துக்குப் போனால் காலேஜ் இலவசமா? அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் படிப்பு உதவி நிஜத்தில் எப்படி நடக்கிறது

நான் அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்கு டியூட்டராக இருக்கிறேன். கம்யூனிட்டி காலேஜ் என்றால் கட்டணம் குறைவான, இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, ஐந்தாறு வருஷம் படையில் இருந்துவிட்டு, மறந்துபோன அல்ஜீப்ராவை முதலிலிருந்து படிக்க வந்தவர்களும் என் மேஜைக்கு வருவார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "அவங்களுக்கென்ன, கவர்ன்மென்ட் ஃப்ரீயா படிக்க வைக்குது, வேலையும் வாங்கித் தந்துடுது."

தமிழ்க் குடும்பங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். இங்கே பிறந்த பிள்ளை பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்றால், மனம் உடைந்த பெற்றோருக்கு ஆறுதலாகச் சொல்லப்படுவது இதுதான். தமிழ் பேசுகிறவர்களை அமெரிக்க ராணுவமே தேடிய காலமும் ஒன்று உண்டு. 2008 இறுதியில் அறிவிக்கப்பட்ட 'மாவ்னி' திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவில் இருந்தவர்கள்கூட அதன் வழியாகப் படையில் சேர்ந்து குடியுரிமை பெற முடிந்தது. 2016-ல் புதிய சேர்க்கை நின்றுபோனது. அப்படிச் சேர்ந்தவர்களுக்கும் இந்தப் படிப்புச் சலுகை பொருந்தும்.

சரி, இலவசம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால் கடனில் மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசு தருவது பணம். அந்தப் பணத்துக்கும் மாணவருக்கும் நடுவே நிறைய ஓட்டைகள் இருக்கின்றன. முன்னாள் படைவீரரை இங்கே 'வெட்டரன்' என்பார்கள். கல்லூரியில் இருக்கும் 'வெட்டரன் சேவைகள்' ஒவ்வொன்றும் அந்த ஓட்டைகளில் ஏதோ ஒன்றை அடைக்க வந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பணம்: ப்ரீபெய்டு ரீசார்ஜ் மாதிரி

கதை 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தால் சுமார் 1.6 கோடி பேர் ஊர் திரும்புவார்கள். அத்தனை பேருக்கும் வேலைக்கு எங்கே போவது? முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய போனஸைக் கேட்டு 1932-ல் வாஷிங்டனில் கூடாரம் போட்டதும், அவர்களை ராணுவத்தை வைத்தே விரட்டியதும் எல்லோருக்கும் நினைவில் இருந்தது. மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்றுதான் கல்லூரிக் கட்டணம், மாதச் செலவுப் பணம், வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் எல்லாம் சேர்த்து ஒரே சட்டமாகக் கொண்டுவந்தார்கள். 'ஜி.ஐ.' என்பது சாதாரணச் சிப்பாயைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். அதனால் சட்டத்துக்கு 'ஜி.ஐ. பில்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதைக்கொண்டு சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. எழுத்தில் அந்தச் சட்டம் எல்லோருக்கும் பொது. நடைமுறையை உள்ளூர் அலுவலகங்களிடம் விட்டதால், தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் பலருக்கு அது எட்டாக் கனியாகிவிட்டது. வெள்ளையர் கல்லூரிகள் அவர்களைச் சேர்க்கவில்லை. கறுப்பினக் கல்லூரிகளில் இடம் போதவில்லை. சட்டம் இருந்தும் நடுவில் வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் வேண்டாம்.

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது 2008-ல் நிறைவேறி, 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில்'. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பணியாற்றியவர்களுக்கானது. இதை ஒரு ப்ரீபெய்டு ரீசார்ஜ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 36 மாதம் இருக்கும். படிக்கும் நாட்களுக்கு மட்டும் கழியும். ஒரு கல்வியாண்டு சுமார் ஒன்பது மாதம் என்பதால், கோடை விடுமுறையில் படிக்காவிட்டால் 36 மாதம் நான்கு வருஷப் பட்டப்படிப்புக்குச் சரியாக வரும். பாடத்தை மாற்றி, கல்லூரியை மாற்றி இரண்டு செமஸ்டரை விட்டுவிட்டால், கடைசி வருஷத்தில் பேலன்ஸ் தீர்ந்திருக்கும்.

எல்லோருக்கும் முழு ரீசார்ஜ் கிடைக்காது. மொத்தம் 36 மாதமாவது முழுநேரப் பணி செய்திருந்தால் 100 சதவீதம். 90 நாள் மட்டும் என்றால் 50 சதவீதம். இடைப்பட்டவர்களுக்கு இடைப்பட்ட அளவு. படையிலிருந்து 'கௌரவமான விடுவிப்பு' பெற்றிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. ஒழுங்கு நடவடிக்கையில் வேறு வகையாக வெளியேற்றப்பட்டவர், நான்கு வருஷம் இருந்திருந்தாலும் இந்தச் சலுகையை இழக்கலாம். மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்க விரும்புகிறவர் அதைப் படையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வெளியே வந்தபின் அந்தக் கதவு மூடிவிடும்.

பணம் மூன்று வாய்க்காலில் ஓடுகிறது. கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போகும், மாணவர் கையில் வராது. புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை. மூன்றாவது, வீட்டு வாடகைப் படி. கல்லூரி இருக்கும் பகுதியின் அஞ்சல் எண்ணைப் பார்த்து, அங்கே குடும்பத்தோடு இருக்கும் ஒரு சார்ஜென்ட்டுக்கு ராணுவம் தரும் வாடகைப் படிக்கு இணையாக மாதாமாதம் வரும். ஆன்லைனில் மட்டுமே படித்தால் நாட்டுச் சராசரியில் பாதிதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒரே ஒரு பாடத்தையாவது நேரில் வகுப்புக்குப் போய்ப் படிப்பார்கள்.

அரசுக் கல்லூரியில் அந்த மாநிலத்துக்காரருக்கான கட்டணம் முழுவதும் அடங்கிவிடும். தனியார் கல்லூரிக்கு உச்சவரம்பு உண்டு. இப்போது ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர். அங்கே கட்டணமே 60,000-ஐத் தாண்டினால்? அதற்கு 'யெல்லோ ரிப்பன்' என்றொரு ஏற்பாடு. கோயில் திருப்பணிக்கு ஊர் எவ்வளவு போடுகிறதோ அதே அளவு வெளியூர்ப் பெரியவர் ஒருவரும் போடுவது மாதிரி. மீதிக் கட்டணத்தில் கல்லூரி எவ்வளவு தள்ளுபடி செய்கிறதோ, அதே அளவு அரசும் போடும். கல்லூரி விருப்பப்பட்டுச் சேர்ந்திருக்க வேண்டும். சில கல்லூரிகள் வருஷத்துக்கு இத்தனை பேருக்குத்தான் என்று எண்ணிக்கையும் வைத்திருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கணக்கில் 36 மாதம் இருக்கிறது, சதவீதம் பணிக்காலத்தைப் பொறுத்தது, கட்டணம் கல்லூரிக்கு, வாடகைப் படி கைக்கு.

போனஃபைட் எழுதித் தருகிறவர்

நம் ஊரில் உதவித்தொகை வாங்க என்ன செய்வோம்? "இந்த மாணவர் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறார்" என்று போனஃபைட் சர்டிபிகேட் வாங்கிக் கொடுப்போம். இங்கேயும் அதேதான். முன்னாள் படைவீரர் நலத்துறையை எல்லோரும் 'வி.ஏ.' என்பார்கள். இன்ன மாணவர் இந்த செமஸ்டரில் இத்தனை பாடம் எடுத்திருக்கிறார் என்று ஒவ்வொரு செமஸ்டரும் வி.ஏ.வுக்கு உறுதி செய்து அனுப்பும் கல்லூரி ஊழியருக்குச் 'சான்றளிக்கும் அலுவலர்' என்று பெயர். அவர் அனுப்பாவிட்டால் பணம் வராது. பெரிய கல்லூரிகளில் பல நூறு மாணவர்களுக்கு ஓரிருவர்தான் இருப்பார்கள். ஒரு முன்னாள் வீரரின் கல்லூரி வாழ்க்கையில் பேராசிரியர்களைவிட இவர் முக்கியம் என்பேன்.

இங்கேதான் முதல் பெரிய ஓட்டை. பட்டத்துக்குத் தேவையான பாடங்களுக்கு மட்டுமே வி.ஏ. பணம் தரும். ஆசைக்கு எடுத்த ஓவிய வகுப்பு கணக்கில் வராது. தேவையான பாடத்தில் இடம் நிரம்பிவிட்டால், முழுநேர மாணவர் என்ற கணக்கும் குறையும், வாடகைப் படியும் குறையும். பாடப் பதிவில் முன்னாள் வீரர்களை முதலில் விடுவதைப் பார்த்து மற்ற மாணவர்கள் "இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை?" என்று முணுமுணுப்பார்கள். அவருக்கு அந்த ஒரு பாடம் கிடைக்காவிட்டால் வீட்டு வாடகை கட்ட முடியாது என்பதுதான் விஷயம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழம். செமஸ்டர் நடுவில் ஒரு பாடத்தை விட்டுவிட்டால், அதற்காக ஏற்கெனவே தந்த பணத்தை வி.ஏ. திரும்பக் கேட்கலாம். நோய், குடும்பத்தில் மரணம் மாதிரி தக்க காரணம் காட்டினால் குறையும். முதல் முறை என்றால் 6 கிரெடிட் வரை காரணம் கேட்காமலே விட்டுவிடுவார்கள். கிரெடிட் என்பது பாடத்தின் எடையை அளக்கும் அலகு, ஒரு பாடம் பெரும்பாலும் 3. இந்த விதி தெரியாமல் "கணக்கு கஷ்டமாக இருக்கிறது" என்று எட்டாவது வாரத்தில் விலகியவர் என்னிடமே படித்திருக்கிறார். மூன்று மாதம் கழித்துக் கடன் கடிதம் வந்தது. விலகுவதற்கு முன் சான்றளிக்கும் அலுவலரிடம் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் போதும். அன்றிலிருந்து என் மேஜைக்கு வரும் ஒவ்வொரு வெட்டரனிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், மாதா மாதம் போனில் ஒரு குறுஞ்செய்தி வரும்: இன்னும் படிக்கிறீர்களா? ஆம் என்று பதில் போட வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் விட்டுவிட்டால் படி நின்றுவிடும். செமஸ்டருக்கு நடுவே விடுமுறை நாட்களுக்குப் படி கிடையாது. டிசம்பர் நடுவில் பரீட்சை முடிந்து ஜனவரி நடுவில் வகுப்பு தொடங்கினால், இரண்டு மாதமும் பாதிப் பாதிதான் வரும். வீட்டுக்காரர் வாடகையில் பாதி வாங்கிக்கொள்ளமாட்டாரே! பல கல்லூரிகள் வைத்திருக்கும் அவசர உதவி நிதியும் உணவுப் பண்டகமும் அந்த ஜனவரிக்காகத்தான்.

படையில் படித்தது எங்கே போகும்?

வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைக்கு ஈக்விவலன்ஸ் சர்டிபிகேட் வாங்க அலைந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒருவர் தரைப்படையில் பண்டகப் பிரிவில் ஐந்து வருஷம் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ராணுவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு உண்டு. இவருடையது 92ஒய். லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள பொருட்களுக்குக் கணக்கு வைத்தவர், நான்கைந்து பேருக்கு மேற்பார்வையாளர். கல்லூரியின் பார்வையில் இவர் முதலாண்டு மாணவர்.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு ஆவணம் இருக்கிறது: 'ஜாயின்ட் சர்வீசஸ் ட்ரான்ஸ்கிரிப்ட்'. படையில் பெற்ற பயிற்சிகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தக் கல்லூரிப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் பெறும் என்ற பரிந்துரையோடு வரும். பரிந்துரை செய்வது அமெரிக்கக் கல்விக் குழு என்ற அமைப்பு. விமானப்படைக்கு மட்டும் சொந்தமாகவே ஒரு கம்யூனிட்டி காலேஜ் இருப்பதால், அவர்களுக்கு அங்கிருந்தே மதிப்பெண் பட்டியல் வரும்.

பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள். கல்லூரி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை. ஏற்றாலும் பெரும்பாலும் 'விருப்பப் பாடம்' என்ற கணக்கில் போட்டுவிடுவார்கள். ஓடிப் பயிற்சி எடுத்ததற்கு உடற்கல்வி கிரெடிட் எளிதில் கிடைத்துவிடும், ஐந்து வருஷம் கிடங்கு நடத்தியதற்கு வணிகவியலில் கிடைப்பது கடினம். நல்ல ஆலோசகர் இருக்கும் கல்லூரியில், துறைத் தலைவரிடம் பயிற்சிக் கையேட்டையே கொண்டுபோய்க் காட்டி, ஒவ்வொரு பாடமாக வாதாடி வாங்கித் தருவார்கள். ஒரு செமஸ்டர் மிச்சமானால் 36-ல் நாலரை மாதம் மிச்சம். அதை வைத்து முதுநிலைப் படிப்பைத் தொடங்கலாம்.

அந்த அறை எதற்கு

பல கல்லூரிகளில் 'வெட்டரன் சென்டர்' என்று ஓர் அறை இருக்கும். பெயரைக் கேட்டதும் மனநல சிகிச்சை இடம் என்று நினைப்பவர்கள் அதிகம். உள்ளே போய்ப் பாருங்கள்: ஒரு சோபா, காபி மேக்கர், இரண்டு கம்ப்யூட்டர், பிரிண்டர். பணத்தைப் பற்றி விவரம் தெரிந்த ஓர் ஆள். அந்த ஆளும் பல இடங்களில் ஒரு வெட்டரன் மாணவர்தான். வி.ஏ. சம்பளம் தரும் பகுதிநேர வேலையாக அதைச் செய்வார்.

படையில் என்ன உடுத்துவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதுவரை சொல்லித்தர ஒருவர் இருந்தார். பக்கத்தில் எப்போதும் ஒரு குழு இருந்தது. கல்லூரியில் ஒருவரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பக்கத்து இருக்கைப் பையன் எட்டு வயது சின்னவன், "யாரையாவது சுட்டிருக்கீங்களா?" என்று கேட்பான். இந்தக் கேள்வி பிடிக்காது என்று என்னிடம் சொல்லாத வெட்டரனே இல்லை. கேட்காமலே புரிந்துகொள்ளும் நாலு பேர் இருக்கும் இடம் அந்த அறை. 2008-ல் தொடங்கிய 'ஸ்டூடன்ட் வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற மாணவர் அமைப்பின் கிளைகள் பல கல்லூரிகளில் இப்படித்தான் கூடுகின்றன.

உடல், மன பாதிப்போடு வருபவர்களும் உண்டு. அங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். பணியால் ஏற்பட்ட பாதிப்புக்கு வி.ஏ. ஒரு சதவீதம் கணித்துத் தரும். அது தெரிந்ததாலேயே கல்லூரி பரீட்சையில் கூடுதல் நேரம் தந்துவிடாது. கல்லூரியின் மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். காது சரியாகக் கேட்காதவர் இரண்டு செமஸ்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தோற்றபின் இதைக் கேள்விப்படுவது எவ்வளவு கொடுமை! இப்படிப்பட்டவர்களுக்கு ஜி.ஐ. பில் தவிர, வேலைக்குத் தயார்ப்படுத்தும் மறுவாழ்வுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அதன் ஆலோசகர்களை வி.ஏ. சில கல்லூரிகளிலேயே உட்கார வைத்திருக்கிறது. 2009-ல் தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஏற்பாடு அது.

சுருக்கமாக: சான்றளிக்கும் அலுவலர் பணத்துக்கு, ஆலோசகர் கிரெடிட்டுக்கு, மாற்றுத்திறனாளி அலுவலகம் பரீட்சை வசதிக்கு, அந்த அறை மனிதர்களுக்கு.

வேலை: 'நாங்கள்' என்பதை 'நான்' ஆக்குவது

நம் ஊர் எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டாவை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இங்கே தடுமாற்றம் வரும். அமெரிக்காவில் அப்படி இடஒதுக்கீடு இல்லை. மத்திய அரசு வேலைகளில் 'வெட்டரன் முன்னுரிமை' உண்டு. மதிப்பெண்ணோடு 5 அல்லது 10 புள்ளி கூடுதலாகச் சேர்ப்பது. தனியார் நிறுவனங்களுக்கு அதுவும் கட்டாயமில்லை.

கல்லூரியின் வழக்கமான வேலைவாய்ப்பு அலுவலகம் இருபத்தொரு வயது மாணவரை நினைத்து அமைக்கப்பட்டது. அனுபவம் இல்லாதவரை எப்படி நன்றாகக் காட்டுவது என்று சொல்லித்தரும். வெட்டரனின் பிரச்சினை நேர் எதிர்: அனுபவம் நிறைய, புரியும்படி சொல்லத் தெரியவில்லை. அந்த 92ஒய் காரர் தன் ரெஸ்யூமேயில் குறியீட்டையும் படைப்பிரிவின் எண்ணையும் எழுதினால் நிறுவனத்தில் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "இத்தனை ஆயிரம் பொருட்களின் இருப்புக் கணக்கு, நாலு பேரின் மேற்பார்வை, தணிக்கையில் பிழையில்லை" என்று எழுதினால் விளங்கும். குறியீட்டைப் போட்டால் அதற்கு இணையான வெளி வேலைகளைக் காட்டும் இணையக் கருவிகளை அரசே வைத்திருக்கிறது. பாதி வழிக்கு அவை உதவும். மீதிப் பாதியை மனிதர் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத முடியும்.

இன்டர்வியூவில் இன்னொன்று. "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வெட்டரன் "நாங்கள் செய்தோம்" என்பார். தனியாகப் பெயர் வாங்குவது படையில் நல்ல பழக்கம் இல்லை. பயிற்சி இன்டர்வியூக்களில் ஆலோசகர்கள் அதிக நேரம் செலவிடுவது இந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் தன் பெருமையைச் சொல்ல வாய் கூசுமே, அதே கூச்சம்.

உரிமம் தேவைப்படும் தொழில்களில் தடை வேறு மாதிரி. போர்க்களத்தில் ரத்தப்போக்கை நிறுத்திய மருத்துவச் சிப்பாய் வெளியே வந்தால் ஆம்புலன்ஸ் ஊழியராகலாம், நர்ஸாக முடியாது. அதற்குப் படிப்பும் மாநில உரிமமும் வேண்டும். ராணுவ லாரி ஓட்டியவருக்குப் பரவாயில்லை, கனரக உரிமத்துக்கு ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்குக் கேட்கலாம். ரகசிய ஆவணங்களைக் கையாள 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' வைத்திருந்தவர் ஒரு தேதியைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. வெளியே வந்து இரண்டு வருஷத்துக்குள் தகுந்த வேலையில் சேராவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து விசாரணை. நான்கு வருஷப் படிப்பை முழுநேரமாக எடுத்தால் அது காலாவதியாகிவிடும். இதை முதல் செமஸ்டரிலேயே சொல்கிற அலுவலகம் நல்ல அலுவலகம். கடைசி செமஸ்டரில் ரெஸ்யூமே திருத்திக் கொடுப்பதை மட்டும் 'சேவை' என்று போர்டு வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சேரும் முன் விசாரிக்க

லாப நோக்கில் நடக்கும் சில கல்லூரிகள் வெட்டரன்களைத் துரத்தித் துரத்திச் சேர்த்ததற்கு ஒரு விதி காரணம். இவ்வகைக் கல்லூரிகள் தங்கள் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவிப் பணத்திலிருந்து பெறக் கூடாது. ஆனால் ஜி.ஐ. பில் பணம் அந்த 90-ல் சேராமல், மீதி 10-ன் பக்கம் எண்ணப்பட்டது. ஆகவே ஒரு வெட்டரனைச் சேர்த்தால், அரசுக் கடன் வாங்கிப் படிக்கும் இன்னும் பலரைச் சேர்க்க இடம் கிடைக்கும். 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 முதல் அந்த வழி அடைபட்டது. அதற்குள், 2016 செப்டம்பரில் ஐ.டி.டி. டெக் என்ற லாப நோக்குக் கல்லூரி திடீரென்று மூடியபோது ஆயிரக்கணக்கான வெட்டரன்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மூடிய கல்லூரியில் வீணான மாதங்களைத் திருப்பித் தரும் விதி 2017-ல்தான் வந்தது.

இப்போது வி.ஏ. இணையதளத்தில் கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி இருக்கிறது. பெயரைப் போட்டால் எத்தனை வெட்டரன்கள் படிக்கிறார்கள், யெல்லோ ரிப்பன் உண்டா, புகார்கள் எத்தனை, எச்சரிக்கைக் கொடி ஏதும் இருக்கிறதா என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு, கல்லூரிக்கு ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: சான்றளிக்கும் அலுவலர் யார், என் படைப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட் நான் எடுக்கும் பட்டத்தில் சேரும், பாடத்தை விட நேர்ந்தால் முதலில் யாரிடம் வர வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எதிர்முனையில் "ஒரு நிமிஷம், அவருக்கே கனெக்ட் பண்றேன்" என்று சொன்னால் விண்ணப்பத்தை எடுங்கள். "அப்படி ஒருத்தர் இருக்காரான்னு தெரியலையே" என்றால், பட்டியலில் அடுத்த கல்லூரியின் எண்ணைத் தேடுங்கள்.